கூரை மேல் நெல், கடலுக்குள் வயல்

பூமி ஆடும் இரண்டு இடங்கள்: அந்தமானின் வண்டூர், ஜப்பானின் டோக்கியோ. ஓரிடத்தில் நிலமே கடலுக்குள் இறங்கியது. மற்ற இடத்தில் 54 மாடிக் கோபுரம் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து நிற்கிறது. இந்தியா தன் தீவுகளில் பெரிதாகக் கட்டத் திட்டமிடும் வேளையில், இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வண்டூர் படகுத்துறையில் காலை நேரத்துச் சோதனை கறாரானது. தேடப்படும் பொருள் பிளாஸ்டிக் பை. ஜாலி பாய் தீவின் பவளப் பாறைகளைப் பார்க்கப் போகும் பயணிகள் அதைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் படகு ஏற வேண்டும். 1983-ல் உருவான மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாசல் இந்தச் சிற்றூர்தான். 281 சதுர கிலோமீட்டர் பரப்பில் பதினைந்து தீவுகள். கண்ணாடி அடித்தளப் படகுகளில் குனிந்து, நீல நீருக்கடியில் மீன் கூட்டங்களைப் பார்த்து வியந்து திரும்பும் பயணிகள், கரைக்குப் பின்னால் இருப்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அங்கே இருப்பது வேறொரு காட்சி. கடற்கரையில் பட்டுப்போன பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. உள்ளே தள்ளிப் போனால் தண்ணீர் தேங்கிய வெளிகள். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அவை அருமையான சதுப்பு நிலங்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதிக்கு முன் இந்தத் தெற்கு அந்தமானில் அப்படிப்பட்ட வெளிகளில் பல நெல் வயல்களாக இருந்தன.

வண்டூர் என்ற பெயரே குடியேறியவர்கள் கொண்டுவந்த பெயர். 1921-ல் மலபாரில் நடந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் இங்கே காட்டைத் திருத்தினார்கள். விட்டு வந்த ஊர்களின் பெயர்களைப் புதிய ஊர்களுக்கு வைத்தார்கள். மஞ்சேரி, திரூர், நிலம்பூர், வண்டூர் எல்லாம் அப்படித் தீவுக்கு வந்தவை. தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் குடியமர்த்தப்பட்டன. மேடு தட்டிப் பள்ளம் நிரப்பி, வரப்பு கட்டி, இரண்டு மூன்று தலைமுறைகள் உருவாக்கிய வயல்கள் ஒரே காலையில் போயின.

அலை மட்டும் வந்திருந்தால் வயல்கள் தப்பியிருக்கும். உப்பு படிந்த மண்ணை நாலைந்து பருவமழை கழுவிவிடும். தஞ்சை, நாகை மாவட்ட விவசாயிகள் அதைக் கண்டிருக்கிறார்கள். தெற்கு அந்தமானில் நடந்தது அதைவிடப் பெரியது. தரையே சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அலை திரும்பிப் போன பிறகும் ஒவ்வொரு ஏற்றத்திலும் கடல் உள்ளே வந்தது. வண்டூர் செல்லும் வழியிலுள்ள சிப்பிகாட் பகுதியில் வயலும் சாலையும் வீடுகளும் நீரில் நின்றன. யூனியன் பிரதேசம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் விவசாய நிலம் உப்பு நீருக்குப் போயிற்று. இறந்தவர்கள், காணாமற் போனவர்கள் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் வந்தார்கள். பெரும் பகுதியினர் நிகோபார் தீவுகளைச் சேர்ந்தவர்கள்.

காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. இந்தியத் தட்டு அந்தமானுக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் பள்ளத்தில் கிழக்கு நோக்கி மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகளும் பல நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, வளைத்துப் பிடித்த மூங்கில் பட்டையைப் போல இறுகி நின்றன. அன்று காலை 6.29 மணிக்குப் பிடி விட்டது. சுமத்ராவில் தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. பூகம்பத்தின் அளவு 9.1. பட்டையின் ஒரு முனை எழும்பினால் மறுபக்கம் தாழும் அல்லவா? வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகள் நீருக்கு மேல் எழுந்தன. தெற்கு அந்தமான் தாழ்ந்தது. இன்னும் தெற்கே, கிரேட் நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியில் கடல் வந்து நின்றது.

ஹோம்ஃப்ரேகஞ்ச் வழியாக

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிறவர்கள் ஹோம்ஃப்ரேகஞ்ச் என்ற இடத்தைத் தாண்டுகிறார்கள். 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை அந்தமான் ஜப்பானியர் கையில் இருந்தது. 1944 ஜனவரி 30-ந் தேதி, உளவாளிகள் என்று குற்றம் சாட்டி, இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்த 44 பேரை ஜப்பானிய ராணுவம் இங்கே சுட்டுக் கொன்றது. ஜப்பான் என்றதும் பழைய தலைமுறை அந்தமான்காரர்களுக்கு நினைவு வருவது இதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜப்பானும் அந்தமானும் ஒரே தலையெழுத்து உடையவை. இரண்டும் தட்டு முட்டும் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தமானில் 1941 ஜூன் 26-ல் வந்த பெரிய பூகம்பம் செல்லுலார் சிறையின் மையக் கோபுரத்தைச் சேதப்படுத்தியது. அப்போதைய ஆங்கிலேய நிர்வாகத்தின் தலைமையிடமான ராஸ் தீவில் கட்டிடங்கள் வெடித்தன. டோக்கியோவில் 1923 செப்டம்பர் 1-ந் தேதி நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்த பூகம்பத்திலும் தீயிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மதியச் சமையலுக்கு மூட்டியிருந்த அடுப்புகள் மர வீடுகளின் மேல் கவிழ்ந்ததுதான் பாதிச் சாவுக்கு மேல் காரணம்.

அந்த டோக்கியோவில் இன்று ஒரு கூரையின் மேல் நெல் விளைகிறது. வண்டூர்ப் பக்கம் கடலுக்குள் போன வயலைப் பார்த்தவர்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றும். அந்த வயலுக்குக் கீழே இருப்பவை திரையரங்குகள். அக்கம்பக்கத்தில் 54 மாடிக் கோபுரம், ஐந்து நட்சத்திர ஓட்டல், தொலைக்காட்சி நிலையம், கலைக்கூடம், சுமார் 800 குடியிருப்புகள், இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள், உணவகங்கள். இடத்தின் பெயர் ரொப்பொங்கி ஹில்ஸ். 2003 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

பதினேழு ஆண்டுப் பேச்சு

ஏறத்தாழ 27 ஏக்கர் நிலத்தில் எழுந்த இந்த வளாகத்துக்குச் சுமார் 27,000 கோடி யென் செலவானது. மினோரு மோரி என்ற கட்டிட அதிபரின் கனவு அது. சண்டிகர் நகரை வடிவமைத்த பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் லெ கார்பூசியேயின் தீவிர ரசிகர் மோரி. வீடு ஓரிடம், அலுவலகம் ஓரிடம், கடைத்தெரு மற்றோரிடம் என்று நகரம் பரந்துகொண்டே போவதால்தான் டோக்கியோவாசியின் வாழ்நாளில் பாதி ரயிலில் கழிகிறது என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் செங்குத்தாக அடுக்கினால் தரையில் மரமும் குளமும் மிஞ்சும், மனிதர்களுக்கு நேரம் மிஞ்சும் என்றார். 2012-ல் இறக்கும்வரை அதே வாதத்தைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் தேர்ந்த இடம் காலி மனை அல்ல. சரிவான நிலத்தில் நெருக்கமான சிறு வீடுகள், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள். நடுவில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் நிலையம். நிலத்தில் உரிமை உள்ளவர்கள் சுமார் 400 பேர். 1986-ல் டோக்கியோ நகர நிர்வாகம் அந்தப் பகுதியை மறுமேம்பாட்டுக்கு உரியதாக அறிவித்தது. கட்டி முடித்துத் திறந்தது 2003-ல். இடையில் போன 17 ஆண்டுகளில் கட்டுமானம் எடுத்துக்கொண்டது மூன்றே சொச்சம் ஆண்டுகள்தான். மற்றதெல்லாம் பேச்சு. வீடு வீடாகப் போவது, கூட்டம் போடுவது, செய்திமடல் அச்சிட்டுக் கொடுப்பது, முகம் திருப்பியவரிடம் மறுபடி போவது.

இந்தப் பொறுமை வெறும் நல்லெண்ணத்தால் வந்ததல்ல. ஜப்பானின் 1969 நகர்ப்புற மறுமேம்பாட்டுச் சட்டப்படி நில உரிமையாளர்களும் குத்தகைக்காரர்களும் சேர்ந்து சங்கம் அமைக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். தன் மனையைக் கொடுக்கிறவருக்கு அதன் மதிப்புக்கு ஈடான தளப் பரப்பு புதிய கட்டிடத்தில் கிடைக்கும். விற்றுவிட்டுப் போக வேண்டியதில்லை. பழைய இடத்திலேயே, நூறு அடி மேலே, குடியிருக்கலாம். இதே நிறுவனம் பிறகு கட்டிய அசாபுடாய் ஹில்ஸ் இன்னும் நீண்ட கதை. 1989-ல் பேச்சு தொடங்கியது. சுமார் 300 உரிமையாளர்கள். வளாகம் திறந்தது 2023 நவம்பரில். அதன் 64 மாடிப் பிரதானக் கோபுரம் 325 மீட்டர் உயரம் கொண்டது. ஒசாகாவில் 2014 முதல் நாட்டின் மிக உயர்ந்த கட்டிடமாக இருந்த 300 மீட்டர் அபேனோ ஹருகாஸை அது முந்தியது.

சென்னையில் கூவம் கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அவர்களுக்கும் அடுக்குமாடியில்தான் வீடு கிடைத்தது. வேலையும் பள்ளியும் இருந்த பழைய இடத்திலிருந்து வெகு தூரத்தில் கிடைத்தது.

ஆடக் கற்ற கோபுரம்

டோக்கியோவில் உயரம் சுலபமாக வரவில்லை. 1920 முதல் அங்கே கட்டிடங்கள் 31 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. 1923-க்குப் பிறகு அதை மீறும் துணிவு யாருக்கும் இல்லை. கனத்த சுவர், தடித்த தூண், அசையாத கட்டிடம் என்பதே பொறியாளர்களின் சித்தாந்தம். பூகம்பம் வரும்போது அசையாமல் நின்றுவிட வேண்டும்.

இந்த எண்ணத்தை மாற்றியதில் பழைய புத்த கோயில்களுக்குப் பங்கு உண்டு. ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்கு மரக் கோபுரம் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. மரப் பொருத்துகள் நெகிழ்ந்து கொடுப்பதால் ஒவ்வொரு அடுக்கும் தன் போக்கில் ஆடி, ஆட்டத்தை அங்கங்கே கரைத்துவிடுகிறது. முறைக்காமல் வளைந்து கொடுத்தால் உயரமும் ஆபத்தில்லை என்று கியோஷி முட்டோ போன்ற பொறியாளர்கள் வாதிட்டார்கள். 1963-ல் உயர வரம்பு தளர்ந்தது. 1968-ல் 36 மாடிகள், 147 மீட்டர் உயரத்தில் கசுமிகசேகி கட்டிடம் எழுந்தது. ஜப்பானின் முதல் வானளாவி அதுதான். 1981-ல் கட்டிட விதிகள் மேலும் இறுகின. 1995-ல் கோபே நகரில் 6,400-க்கு மேற்பட்டோரைக் கொன்ற பூகம்பத்தில் அதன் பலன் தெரிந்தது. நொறுங்கியவற்றில் பெரும்பாலானவை பழைய விதியில் கட்டியவை. புதிய விதிக் கட்டிடங்கள் பெரும்பாலும் தாங்கின.

ரொப்பொங்கியின் 238 மீட்டர் கோபுரம் இந்த வம்சத்தில் வந்தது. கான்கிரீட் நிரப்பிய எஃகுக் குழாய்கள் தூண்களாக நிற்கின்றன. சட்டத்துக்குள் ஆங்காங்கே எண்ணெய் நிரப்பிய அதிர்வு தணிப்பான்கள். மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். குழிகளில் விழுந்து எழும்போது அது குலுக்கலைத் தான் வாங்கிச் சூடாக்கிக் கரைப்பது போல, இவை கோபுரத்தின் ஆட்டத்தை வாங்கிக்கொள்கின்றன.

நெல் வயலின் ரகசியமும் இதுதான். திரையரங்குக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் மண், மரம், குளம், வயல் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் டன்னுக்கு மேல் எடை. சாதாரணமாக, பூகம்பப் பகுதியில் உச்சியில் இவ்வளவு பாரம் ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். இங்கே அந்தத் தோட்டத்தைக் கட்டிடத்தோடு இறுக்கிக் கட்டவில்லை. நெகிழும் தாங்கிகளின் மேல் மிதக்க விட்டிருக்கிறார்கள். ஊஞ்சல் முன்னே போகும்போது ஒருவர் பின்னுக்கு இழுத்தால் வேகம் குறையும். கட்டிடம் ஒரு பக்கம் சாயும்போது தோட்டம் சற்றுத் தாமதித்து எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வசந்தத்தின் முடிவில் வளாகத்துக் குழந்தைகள் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அறுக்கிறார்கள். அவர்கள் நிற்கும் சேறு, கீழே படம் பார்க்கிறவர்களின் உயிருக்குக் காவல்.

ஓடி வரும் இடம்

கட்டிடம் விழாமல் இருந்தால் மட்டும் போதுமா? பூகம்பத்தன்று மின்சாரம் போகும், குழாய் உடையும், ரயில் நிற்கும். ஐம்பதாவது மாடியில் இருப்பவருக்கு அது சிறைவாசம். ஆபத்தில் மக்கள் வெளியே ஓடும் இடமாக இல்லாமல், உள்ளே ஓடி வரும் இடமாக வளாகம் இருக்க வேண்டும் என்பது ரொப்பொங்கி ஹில்ஸின் கொள்கை. நிலத்தடியில் சொந்த எரிவாயு மின் நிலையம். அவசரக் காலத்துக்குக் கிணறு. கிடங்கில் சுமார் ஒரு லட்சம் வேளைக்கு உணவு. ஆண்டுதோறும் குடியிருப்போரும் ஊழியர்களும் சேர்ந்து ஒத்திகை.

2011 மார்ச் 11-ல் வடகிழக்கு ஜப்பானைச் சூறையாடிய பூகம்பமும் சுனாமியும் வந்தபோது இதற்குச் சோதனை வந்தது. டோக்கியோவில் ரயில்கள் நின்று, லட்சக்கணக்கானோர் அன்றிரவு வீடு போக முடியாமல் தவித்தார்கள். ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் மின்சாரப் பற்றாக்குறை தலைநகரை வாட்டியது. ரொப்பொங்கியின் விளக்குகள் எரிந்தன. சில நாட்களில், தன் தேவையைக் குறைத்துக்கொண்டு 4,000 கிலோவாட் மின்சாரத்தை டோக்கியோ மின் நிறுவனத்துக்கே அந்த வளாகம் கொடுத்தது.

இதையெல்லாம் கேட்டு மயங்கிவிடவும் வேண்டாம். 2004 அக்டோபரில் 200 கிலோமீட்டர் தொலைவில் நிகாட்டாவில் பூமி குலுங்கியபோது ரொப்பொங்கிக் கோபுரத்தில் லிஃப்ட் ஒன்றின் கம்பி வடம் சேதமானது. தொலைவில் எழும் பெரிய பூகம்பங்கள் மெதுவான நீண்ட அலைகளை அனுப்புகின்றன. தாழ்ந்த வீடுகளுக்கு அவற்றால் தொல்லையில்லை. உயர்ந்த கோபுரத்துக்கோ அவை, ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளிவிடும் கை. 2011-ல் பூகம்ப மையத்திலிருந்து ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒசாகாவின் சகிஷிமா கட்டிடம் பத்து நிமிடம் ஆடியது. 55 மாடிகள் கொண்ட அதன் உச்சி மூன்று மீட்டர் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இப்படியும் அப்படியும் போய் வந்தது. விழவில்லை. ஆனால் லிஃப்டுகளில் ஆட்கள் சிக்கினார்கள், கூரைப் பலகைகள் பெயர்ந்தன. அதன் பிறகுதான் நீண்ட அலைகளுக்கான விதிகள் கடுமையாயின.

பூகம்பத்துக்கு இவ்வளவு தயாரித்தவர்கள் கதவைக் கவனிக்கவில்லை. திறந்து ஓராண்டு ஆகும் முன், 2004 மார்ச் 26-ல், கோபுரத்தின் பெரிய சுழல் கதவில் தலை சிக்கி ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அந்த வகைக் கதவுகள் அகற்றப்பட்டன. இன்னொரு குறையும் சொல்லப்படுகிறது. வளாகத்தின் வாடகை சாதாரண டோக்கியோவாசிக்கு எட்டாதது. பணம் கொழித்த இளம் தொழிலதிபர்களின் கோட்டை என்ற பெயரை அது சீக்கிரமே சம்பாதித்தது. தனக்கென்று மின்சாரமும் தண்ணீரும் சோறும் வைத்திருக்கும் கோட்டைக்கு வெளியே, பழைய மர வீடுகளில் இருப்பவர்களின் கதி என்ன என்ற கேள்வி டோக்கியோவில் இன்னும் தீரவில்லை.

இங்கே என்ன நிலை?

இந்தியாவுக்கு வருவோம். 2001 ஜனவரி 26-ல் கட்ச் பகுதியில் பூகம்பம் வந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்தன. மேலே வீடுகளுக்குச் சுவர் உண்டு. கீழே கார் நிறுத்துவதற்காகத் தூண்கள் மட்டும். ஆட்டம் முழுவதும் அந்தக் கால்களில் இறங்கி, அவை மடிந்தன. சென்னையிலும் கோவையிலும் இதே பாணியில் கட்டாத அடுக்குமாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2002-ல் திருத்திய பூகம்ப வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. ஆனால் நம் ஊரில் கட்டிடம் விழப் பூகம்பமே தேவையில்லை. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டிடம், மழைக்கு நடுவே, தானாகவே சரிந்து 61 பேரைப் பலி கொண்டது.

அந்தமான் நிகோபார் தீவுகள் அதே வரைபடத்தில் மிக ஆபத்தான ஐந்தாம் மண்டலத்தில் வைக்கப்பட்டன. 2004-க்குப் பிறகு அங்கே சென்று ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர்கள் கண்டது, ஜப்பானியர் கோயில் கோபுரத்தில் கண்டதற்குப் பக்கத்து உண்மை. குலுக்கலைப் பொறுத்தவரை, பழைய மர வீடுகள் பெரும்பாலும் பிழைத்தன. ஒழுங்காக வடிவமைக்காத கான்கிரீட் கட்டிடங்கள் அடி வாங்கின. நிகோபாரிகள் கால்நட்டு உயர்த்திக் கட்டும், தேன்கூடு போன்ற குடிசைகளில் இதே சூட்சுமம் உண்டு. எடை குறைவு, கட்டு நெகிழ்வு, விழுந்தாலும் கீழே இருப்பவரை நசுக்காது.

ஆனால் நிவாரணமாக வந்தது என்ன? முதலில் தகரக் கொட்டகைகள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயிலில் அவை அடுப்பாகக் கொதித்தன. பிறகு ஏறத்தாழ பத்தாயிரம் நிரந்தர வீடுகள், இரும்பும் சிமெண்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கப்பலில் வந்திறங்கி, பல ஆண்டு தாமதத்தில் எழுந்தன. பூகம்பத்துக்கு அவை தாங்கும் என்பதில் சந்தேகமில்லை. கூட்டுக் குடும்பமாகவும் கடற்கரையை ஒட்டியும் வாழ்ந்தவர்களின் வாழ்க்கைக்கு அவை பொருந்துமா என்று கேட்க நேரமில்லை. ரொப்பொங்கியில் 17 ஆண்டுகள் நடந்த பேச்சில் ஒரு பங்காவது இங்கே நடந்திருந்தால் பல வீடுகளின் வடிவம் மாறியிருக்கும்.

அடுத்த கட்டிடம்

இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. இந்திரா முனை மூழ்கிய அதே கிரேட் நிகோபார் தீவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. அப்போது சொன்ன மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்கு ஒதுக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் எட்டாயிரம் பேர் இருந்த தீவில், முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் இருப்பார்கள் என்பது திட்டத்தின் கணக்கு.

மலாக்கா நீரிணைக்கு அருகே இந்தியாவுக்கு ஒரு துறைமுகம் வேண்டும், பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் அது அவசியம் என்கிறது அரசு தரப்பு. கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் தோல் முதுகு ஆமைகள், வெளியாட்களோடு அதிகம் கலக்காத ஷோம்பென் பழங்குடியினர், 2004-ல் விட்டு வந்த பூர்வீகக் கிராமங்களுக்குத் திரும்பக் காத்திருக்கும் நிகோபாரிகள் ஆகியோரின் கதி என்ன என்கிறது எதிர்த்தரப்பு. 2022 ஆகஸ்டில் கொடுத்த ஆட்சேபணை இல்லாச் சான்றைப் பழங்குடியினர் கவுன்சில் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. தங்கள் பூர்வீக நிலமும் திட்டத்துக்குள் வருவது முழுமையாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

மூன்றரை லட்சம் பேருக்கான நகரத்தைப் பூகம்பத்துக்குத் தாங்கும்படி கட்ட முடியுமா? தொழில்நுட்பம் முடியும் என்கிறது. டோக்கியோவே சாட்சி. ஆனால் டோக்கியோ சொல்லும் சாட்சியத்தை முழுதாகக் கேட்க வேண்டும். தணிப்பான்களும் நெகிழும் தாங்கிகளும் ஆட்டத்தைச் சமாளிக்கும். தரை ஒரேயடியாக நான்கு மீட்டர் கீழே இறங்குவதைச் சமாளிக்கும் தணிப்பான் எங்கும் கிடையாது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் சில நிமிடங்களில் எச்சரிக்கும். பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கும் தீவுக்கு அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லாமே நடந்துவிடும்.

இன்னொன்று, ஜப்பானியரின் கட்டிடக் கலையில் மிக விலை உயர்ந்த பகுதி எஃகோ எண்ணெயோ அல்ல. விதியை மீறினால் கட்டிடம் எழும்பாது என்ற கண்டிப்பு, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விதியைத் திருத்தும் வழக்கம், நிலத்துக்காரரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை. இவற்றை இறக்குமதி செய்ய முடியாது. அந்தப் பொறுமை இல்லாமல் அதே கோபுரத்தை மட்டும் நகலெடுத்தால், கிடைப்பது மௌலிவாக்கமாகவும் இருக்கலாம்.

வண்டூருக்கு 54 மாடி வேண்டாம். யாரும் கேட்கவும் இல்லை. அதற்குத் தேவையானவை சிறியவை: ஆடினால் நசுக்காத வீடு, அலை வந்தால் ஏறி நிற்க மேடான இடம், அங்கே போய்ச் சேர ஒரு நல்ல பாதை, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை. ரொப்பொங்கியின் பாதாளக் கிடங்கில் அடுக்கியிருக்கும் சோற்றுப் பொட்டலத்தின் தத்துவம் இதற்கும் பொருந்தும்: பூமி மறுபடி ஆடும் என்று ஒப்புக்கொண்டு வாழ்வது.

மாலையில் ஜாலி பாய் படகுகள் திரும்புகின்றன. ஏற்றத்தில் கடல் மெல்ல உள்ளே வருகிறது. டோக்கியோவில் நாற்று நடும் குழந்தைக்குத் தன் காலடி வயல் எதற்காக மிதக்கிறது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வயல் ஏன் மூழ்கியது என்பதை வண்டூர்க் குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டியது நம் பொறுப்பு. அடுத்த திட்டத்தின் வரைபடத்தை விரிப்பவர்களும் ஒரு முறை அந்தக் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.